தலை டொராண்டோவில், ஊசி காரைக்குடியில்: பின்னல் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் ஊல் தொப்பி பின்னுகிறவர்களில், தான் போட்டுக்கொள்ளவே பின்னுகிறவர் அநேகமாக யாரும் இல்லை. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மார்கழி விடியலுக்குக்கூடக் காதை மறைத்து ஒரு துண்டைச் சுற்றினால் போதும். இங்கே பின்னுகிற தொப்பியும் சாக்ஸும் பெங்களூருக்கும் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் கூரியரில் போகின்றன. பாதி பின்னியதும் பேரனைக் கூப்பிட்டுத் தலையில் வைத்துப் பார்க்க வழியில்லை. புதிதாகப் பழகுகிறவர்களின் தவறுகளில் முக்கால்வாசி இந்தத் தூரத்தை மறப்பதால் வருகிறவை.

கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) நழுவுவது, வரியை எண்ண மறப்பது இதையெல்லாம் இங்கே எடுக்கவில்லை. இரண்டு மாதம் பின்னினால் கையே அதைத் திருத்திக்கொள்ளும்.

ஊசியின் எண்

பழைய வீடுகளில் அப்பத்தா காலத்து அலுமினிய ஊசிகள் ஒரு கட்டாவது இருக்கும். கொண்டையில் 8, 10, 12 என்று எண் பொறித்திருப்பார்கள். அது பிரிட்டிஷ் கணக்கு. அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். யூடியூபில் பார்க்கிற அமெரிக்க முறையிலோ எண் கூடக் கூட ஊசி தடிக்கும். பிரிட்டிஷ் 10 என்றால் 3.25 மி.மீ.; அமெரிக்க 10 என்றால் 6 மி.மீ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெரியவர் தலைக்கு என்று கண்ணி ஏற்றியது பொம்மைத் தொப்பியாக வந்து நிற்பது இப்படித்தான். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிற எண் 7 ஒன்றுதான், இரண்டிலும் 4.5 மி.மீ. எண்ணை விட்டுவிட்டு மி.மீ.-ஐ மட்டும் பாருங்கள். ஓட்டை போட்ட அளவுத் தகடு ஒன்று வாங்கிக்கொண்டால் பெட்டியில் கிடக்கிற ஊசி அத்தனைக்கும் அளவு தெரிந்துவிடும்.

‘ஊல்’ என்று கொடுப்பதெல்லாம் ஊல் அல்ல

ஃபேன்ஸி ஸ்டோரில் ஊல் கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான் கையில் வரும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. மெஷினில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது. ஆனால் கையில் இருப்பது எது என்று தெரியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. சீட்டு இல்லாத நூலாக இருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே நெருப்புக் காட்டுங்கள். ஆட்டு ரோமம் மெல்ல எரியும், முடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், கரியை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் நசுங்காத கறுப்பு மணியாக இறுகும். பருத்தி காகிதம் மாதிரி சட்டென்று பிடித்து மெல்லிய சாம்பலாகும்.

இஸ்திரிப் பெட்டி எடுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். முடித்த தொப்பியைக் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி அழுத்தித் தேய்த்தார் பழகுகிற பெண் ஒருவர். அக்ரிலிக் சூட்டில் இளகினால் மறுபடி எழும்பாது. நெற்றியைக் கவ்விப் பிடிக்க வேண்டிய ரிப் பட்டை (இழுபட்டு மீளும் ஓரப் பின்னல்) நமுத்த அப்பளமாகத் தொங்கியது. துவைத்தாலும் நீவினாலும் திரும்பாது. அக்ரிலிக்கை ஈரமாக விரித்துக் காயப் போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாதிரித் துண்டைத் துவைக்காமல் அளப்பது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் எரிச்சல் ஆறாத தவறு இது. வேலையைத் தொடங்கும் முன் அளவு பார்க்கப் பின்னுகிற மாதிரித் துண்டைப் பின்னாதவர்கள் ஒரு ரகம். பின்னி, ஊசியில் இருக்கும்போதே இழுத்துப் பிடித்து அளந்துவிட்டு, “அளவு சரியா வந்துருச்சு ஆச்சி” என்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகம்தான் மோசம். பின்னாதவருக்குச் சந்தேகமாவது இருக்கும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 4 மி.மீ. ஊசிக்கான நூலுக்குக் குறிப்பில் “10 செ.மீ.-க்கு 22 கண்ணி, 30 வரி” என்று இருக்கும். 112 கண்ணி ஏற்றினால் சுற்றளவு 51 செ.மீ. ரோமத் தொப்பி தலையைவிட 5 செ.மீ. அளவுக்குச் சின்னதாக இருந்தால்தான் கவ்வி நிற்கும், ஆகவே 56 செ.மீ. தலைக்கு இது சரி. உங்கள் கை இளக்கமாக இருந்து 20 கண்ணி வந்தால் அதே 112 கண்ணி 56 செ.மீ. ஆகிவிடும். தொப்பி புருவத்துக்கு இறங்கும். இறுக்கமாக 24 வந்தால் 47 செ.மீ.-கூட வராது, நெற்றியில் தடம் விழும். 10 செ.மீ.-க்கு இரண்டு கண்ணி வித்தியாசம்தான் இத்தனையும் செய்கிறது.

இனி துவைப்பது. பருத்தி நூலை ஊசியில் பின்னும்போது ஒரு இழுவையில் வைத்திருக்கிறோம். தண்ணீரில் நனைந்ததும் அந்த இழுவை விடுபட்டுக் கண்ணி தன் இடத்தில் உட்காரும். துணி நீளத்தில் சுருங்கி அகலத்தில் பரவுவது அடிக்கடி நடக்கும். எட்டு வயதுப் பேரனுக்காகத் தேவகோட்டையில் ஒரு அம்மாள் பின்னிய பருத்தி ஸ்வெட்டரைப் பாருங்கள். மார்பு 70 செ.மீ. வேண்டும் என்று சுற்றுக்கு 154 கண்ணி, நீளம் 42 செ.மீ. என்று 126 சுற்று. துவைக்காத துண்டில் 22 கண்ணியும் 30 வரியும் கச்சிதமாக வந்திருந்தன. முடித்துத் துவைத்த பிறகு 20 கண்ணி, 33 வரி. மார்பு 77, நீளம் 38. அகலம் கூடி, நீளம் குறைந்து, அரிசி டின்னுக்குப் போட்ட உறை மாதிரி ஆனது. இரண்டு மாத வேலை, 300 கிராம் நூல். மாதிரித் துண்டுக்குப் போகிற 10 கிராமை மிச்சம் பிடித்ததன் லாபம் இது. பைசா பிசகாமல் ஐந்தொகை போட்ட ஊர்க்காரர்கள் நூல் விஷயத்தில் மட்டும் இப்படி!

செய்கிற முறை இது. 40 கண்ணி ஏற்றுங்கள். முதல் நான்கு வரியும் கடைசி நான்கு வரியும், இரு ஓரத்திலும் மும்மூன்று கண்ணியும் எப்போதும் நிட் (நேர்க் கண்ணி). நடுவில் ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல் (மறுபக்கக் கண்ணி). குறைந்தது 15 செ.மீ. உயரம் வரட்டும். முடித்த உருப்படியை எப்படித் துவைப்பார்களோ அப்படியே துவையுங்கள். உலர்ந்த டவலில் படுக்கையாகப் போட்டு முழுதும் காய விடுங்கள். பிறகு மர ஸ்கேல் அல்லது எவர்சில்வர் ஸ்கேலை வைத்து, நடுவில் 10 செ.மீ.-ஐ எண்ணுங்கள். தையல்காரர் டேப் வளையும், நம் விருப்பத்துக்கும் வளைந்து கொடுக்கும். ஓரக் கண்ணியைச் சேர்க்காதீர்கள். 5 செ.மீ. எண்ணி இரண்டால் பெருக்கவும் வேண்டாம். அரைக் கண்ணி பிசகினால் பெருக்கும்போது அது ஒன்றாகும். 112 கண்ணியில் அந்த ஒன்று 2 செ.மீ.-க்கு மேல்.

துவைக்கும் முன் எத்தனை, துவைத்த பின் எத்தனை, இரண்டையும் எழுதி வையுங்கள். தொப்பியோ ஸ்வெட்டரோ துவைத்த பின் வரும் எண்ணிக்கைக்குக் கணக்குப் போடப்படுகிறது. ஆனால் பாதி வேலையில் டேப் வைத்துப் பார்க்கும்போது கையில் இருப்பது துவைக்காத துணி. அதை முதல் எண்ணிக்கையோடுதான் ஒப்பிட வேண்டும். இது தெரியாமல், சரியாகப் போய்க்கொண்டிருந்த வேலையைப் பிரித்துப் போட்டவர்களும் உண்டு.

எப்படித் துவைப்பார்கள் என்பதை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிற மருமகள் சின்னத் தொப்பியைத் தனியே எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக்கொண்டிருக்க மாட்டாள். எல்லாத் துணியோடும் மெஷினில் போட்டு, ட்ரையரிலும் போடுவாள். ரோம இழையின் மேல்தோல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சூடும் சோப்பும் உருட்டலும் சேர்ந்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு துணி கெட்டிக் கம்பளமாகிவிடும். பிரிக்கவும் முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு மெஷின் வாஷ் தாங்கும்படி பதப்படுத்திய ரோமமோ அக்ரிலிக்கோதான் சரி.

தொப்பியை வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைத்த இரட்டை ஊசி) சுற்றிச் சுற்றிப் பின்னப் போகிறீர்கள் என்றால், திருப்பித் திருப்பிப் பின்னிய துண்டு பொய் சொல்லும். பலருக்குப் பர்ல் வரி நிட் வரியைவிட இளக்கமாக விழும். வட்டத்தில் பர்ல் வரியே இல்லை. வட்ட ஊசியில் ஒரு வரி நிட் முடித்ததும் திருப்பாமல் கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கம் தாராளமாக விட்டு, மறுபடி நிட் வரியே பின்னுங்கள். பின்பக்கம் ஏணி மாதிரி நூல் தொங்கும், தொங்கட்டும்.

கண்ணி கூடவோ குறையவோ வந்தால் ஊசியை மாற்றுங்கள், கால் அல்லது அரை மி.மீ. போதும். “கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிறேன்” என்பவர்கள் பத்தாவது வரியில் டிவி பார்த்துக்கொண்டே பழைய கைக்குத் திரும்பிவிடுவார்கள். இன்னொன்று, தை மாதத்துக் கை வேறு, சித்திரை மாதத்துக் கை வேறு. வியர்வையில் நூல் விரலில் ஒட்டி இழுபடும், கண்ணி இறுகும். மாதம் மாறிவிட்டால் 10 செ.மீ. பின்னியதும் ஒரு முறை எண்ணிவிடுங்கள்.

சாக்ஸின் வாய்

கணுக்காலை அளந்து பின்னினால் சாக்ஸ் காலில் ஏறாது. அது தாண்ட வேண்டியது குதிகாலிலிருந்து மேற்பாதம் வரை குறுக்காக வரும் சுற்று, கணுக்காலைவிட நன்றாகப் பெரியது. பாதச் சுற்று 23 செ.மீ. என்றால் ரோம நூலில் பத்தில் ஒரு பங்கு குறைத்து, ஏறக்குறைய 21 செ.மீ.-க்குப் பின்ன வேண்டும். 10 செ.மீ.-க்கு 32 கண்ணி என்ற கணக்கில் 66 வரும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி வரும் ரிப்புக்கு நான்கால் வகுபட வேண்டும், ஆக 64. தனிப் பருத்தி இழுபட்டால் மீளாது, அதில் இந்தக் கணக்கு செல்லாது. இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். நைலான் கலந்த சாக்ஸ் நூல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், குதிகால் சீக்கிரம் தேயாது.

விரலிலிருந்து தொடங்கி மேலே போகிறவர்கள் வாயை முடிக்கும்போது அரை முதல் ஒரு மி.மீ. தடித்த ஊசியை எடுக்க வேண்டும். நூலை வெட்டுவதற்கு முன் ஓரத்தை இழுத்துப் பாருங்கள். கீழே இருக்கும் ரிப் விரிகிற அளவுக்கு அதுவும் விரிய வேண்டும்.

பின்னிய சாக்ஸை வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுப்பவர்கள் தரையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளக்கிற ஆத்தங்குடிக் கல்லில் பின்னல் சாக்ஸ் வழுக்கிக்கொண்டு போகும். படுக்கையில் மட்டும் போடச் சொல்லுங்கள்.

வட்டத்தில் முறுக்கு

முதல் சுற்று முடிந்ததும் பாருங்கள். ஏற்றிய கண்ணி வரிசை ஊசியைச் சுற்றி முறுக்கியிருந்தால் பிரியுங்கள், வேறு வைத்தியம் கிடையாது.

சாய லாட் எண்

எல்லா நூல் உருண்டையின் சீட்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரே தடவை சாயம் போட்ட நூல். ஒரு உருண்டை கூடுதலாக வாங்குங்கள்.

கண்டாங்கி நிறங்கள்

அரக்கும் மஞ்சளும் கறுப்பும் வைத்துக் கண்டாங்கிச் சேலை மாதிரி பட்டை போடுகிற ஆசை காரைக்குடியில் யாருக்கும் வரும். பருத்தி நூலில் அரக்கின் பக்கத்தில் வெள்ளையோ மஞ்சளோ வைப்பதற்கு முன், அரக்கு நூலைக் கொஞ்சம் நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். துணி சிவந்தால் அந்த நூல் வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் நிற்கும் என்பதை நம்பி இறங்காதீர்கள்.

கொட்டானில் நூல்

ஓலைக் கொட்டானில் நூலைப் போட்டு வைத்தால் பார்க்க அழகு. ஆனால் ஓலை முனை நூலைக் கொக்கி போட்டு இழுக்கும், மெல்லிய நூலில் இழை பிரிந்து பஞ்சாகிவிடும். உள்ளே பழைய வேட்டித் துணியை விரித்துவிட்டு வையுங்கள்.

கைக்குழந்தைக்குப் பின்னும்போது

பிறந்த குழந்தையின் தலை ஏறக்குறைய 35 செ.மீ., ஆறு மாதத்தில் 43, ஒரு வயதில் 46. வளைகாப்புச் சமயத்தில் 35-க்குக் கண்ணி ஏற்றி, குழந்தை பிறந்து, யாராவது ஊருக்குப் போகும்போது கொடுத்தனுப்பினால் தொப்பி போய்ச் சேரும்போது பிள்ளை தலை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு அளவு முன்னதாகவே பின்னுங்கள்.

சாக்ஸை உட்புறம் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிற வேலையில் உள்ளே நீளமாகத் தொங்கும் நூல் குழந்தையின் கால் விரலில் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நிற்கும்; சாக்ஸுக்குள் இருப்பதால் அழுகைக்குக் காரணமும் தெரியாது. மூன்று நான்கு கண்ணிக்கு ஒரு முறை அந்த நூலைப் பின்னலோடு மாட்டிவிட வேண்டும். பொத்தானும் குஞ்சமும் வாய்க்குப் போகும், வேண்டாம். தூங்கும்போது வீட்டுக்குள் தொப்பி போட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள், உடம்பு சூடேறிவிடும்.

பின்னியதைப் பெட்டியில் வைக்கும்போது பாச்சை உருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். துவைத்து, நன்றாகக் காய வைத்து, மூடி இறுகும் டப்பாவிலோ ஜிப் கவரிலோ வைத்தால் போதும். அழுக்கும் வியர்வையும் இருக்கிற ரோமத்தைத்தான் பூச்சி முதலில் தேடும்.

முற்றத்தில் காயப் போடுவது

கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் பருத்தி ஸ்வெட்டர் முழங்காலுக்கு இறங்கும். முற்றத்து வெயில் சாயத்தை வாங்கிவிடும். வளவில், தூணோரம் நிழலில், கல் தரையில் இரண்டு டவல் விரித்து, அளவுக்கு நீவிப் போடுங்கள். டவலுக்கு வெளியே தெரியும் கல்லின் ஓரக்கோடு ஸ்வெட்டரின் அடிப்பகுதியை நேராக வைக்கவும் உதவும். அரை நாளில் ஒரு முறை திருப்பிப் போடுங்கள். காய்ந்ததும் பார்சல் கட்டும்போது அதே நூலில் நான்கைந்து மீட்டர் சுற்றி, எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு சீட்டும் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.