மின்தடைக்கு அஞ்சாத ஸ்லீப்: வீட்டு மேசைக் கணினிக்கான மின்சார அமைப்புகள், படிப்படியாக

மடிக்கணினிக்கு எழுதப்பட்ட ஆலோசனைகள் மேசைக் கணினிக்கு அப்படியே பொருந்துவதில்லை. காரணம், மேசைக் கணினியில் பேட்டரி கிடையாது. சாதாரண ஸ்லீப் நிலையில் திறந்திருக்கும் கோப்புகள் யாவும் ரேம் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். ரேமுக்கு மின்சாரம் நின்ற நொடியில் அவையும் போய்விடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் ஊரிலும், படுக்கப் போகும் முன் யாரேனும் ஒருவர் சுவர் சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுப் போகும் வீட்டிலும் இதை முதலில் கவனித்தாக வேண்டும். என் வீட்டுக் கணினியில் இதைச் சரிசெய்து முடித்த பிறகு, விண்டோஸ் 11-ஐ வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். விண்டோஸ் 10-இலும் பெரும்பாலான அமைப்புகள் இதே பெயர்களில்தான் இருக்கின்றன.

இரவு முழுவதும் கணினியை ஓடவிடுவதால் ஆகும் செலவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். சும்மா இருக்கும்போது 50 வாட் எடுத்துக்கொள்ளும் ஒரு கணினி நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீணாக ஓடினால், 60 நாள் மின் கணக்கீட்டில் அது 36 யூனிட். ஸ்லீப்பில் 3 வாட் எடுத்தால் அதே காலத்திற்கு 2 யூனிட்டை ஒட்டியே வரும். தமிழ்நாட்டில் 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளில் இந்த 36 யூனிட் சிறியதன்று. அந்த எல்லையைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும்.

முதல் படி: கணினிக்கு என்னென்ன தெரியும் என்று பார்ப்பது

ஸ்டார்ட் பொத்தானில் வலச்சொடுக்கி டெர்மினலை அட்மின் உரிமையுடன் திறந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டித் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் இட்டு என்டர் தட்டுங்கள். இனி இக்கட்டளையை பவர்சிஎஃப்ஜி என்றே குறிப்பிடுகிறேன். திரையில் இரண்டு பட்டியல்கள் வரும்: இந்தக் கணினியில் கிடைக்கும் நிலைகள் மேலே, கிடைக்காதவை காரணத்துடன் கீழே. மேல் பட்டியலில் ஸ்டாண்ட்பை எஸ்3 (சாதாரண ஸ்லீப்), ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை வட்டில் எழுதி வைத்துவிட்டுக் கணினியை முழுவதும் அணைப்பது), ஹைபிரிட் ஸ்லீப் (இவ்விரண்டும் சேர்ந்தது) ஆகிய மூன்றும் இருந்தால் அடுத்த படியைத் தாண்டிச் செல்லலாம். எஸ்3 கீழே இருந்து, காரணமாக கிராஃபிக்ஸ் என்று குறிப்பிடப்பட்டிருந்தால், உங்கள் கணினிக்கான டிஸ்ப்ளே டிரைவர் நிறுவப்படவில்லை என்று பொருள். முதலில் அதை நிறுவுங்கள்.

இரண்டாம் படி: ஹைபர்னேட்டை மீட்பது

என்னை அதிக நேரம் அலைக்கழித்த இடம் இதுதான். ஹைபிரிட் ஸ்லீப் என்பது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்வது: ரேமில் உள்ளதை ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு சாதாரண ஸ்லீப்புக்குப் போகிறது. மின்சாரம் தொடர்ந்து இருந்தால் ரேமிலிருந்து சில நொடிகளில் விழித்துக்கொள்ளும். இடையில் மின்சாரம் போய்வந்தால், அடுத்த முறை இயக்கும்போது அந்தக் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரும். மேசைக் கணினிக்கென்றே உருவான வசதி என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஹைபர்னேட் இயக்கத்தில் இல்லாத கணினியில் இந்த வசதி இருக்கவே இருக்காது. மேம்பட்ட அமைப்புகளில் எவ்வளவு தேடினாலும் அதற்கான வரியே தென்படாது; ஏன் இல்லை என்ற விளக்கமும் அங்கே கிடைக்காது.

சி டிரைவில் இடம் மிச்சம் பிடிக்க வழி சொல்லும் காணொளிகள் பலவற்றில் ஹைபர்னேட்டை அணைக்கும் கட்டளையும் இடம்பெற்றிருக்கும். கணினியை அமைத்துக் கொடுத்த கடைக்காரரே அதைச் செய்துவிட்டிருக்கவும் கூடும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் இக்கோப்பு, இயல்பான 40 சதவீத அளவில், ஏறத்தாழ 6.4 ஜிபி எடுத்துக்கொள்ளும். அந்த இடத்திற்காக இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது வீண் என்பதே என் கருத்து. டவுன்லோட்ஸ் கோப்புறையை ஒருமுறை பெருக்கினாலே அவ்வளவு இடம் கிடைத்துவிடும்.

மீட்பதற்கு, பவர்சிஎஃப்ஜி கட்டளைக்குப் பின் சாய்கோடு, எச், ஓர் இடைவெளி, ஆன் என்று தட்டச்சு செய்தால் போதும். அதன் பிறகும் கோப்பின் வகை ஹைபர்னேட்டுக்கு இடம் தரவில்லை என்று செய்தி வந்தால், கோப்பு குறுக்கப்பட்ட வகையில் இருக்கிறது. அந்த வகை, கணினியை விரைவாகக் கிளப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதிக்கு மட்டுமே உதவும். அப்போது சாய்கோடு எச், சாய்கோடு டைப், ஃபுல் என்று இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்து முழு வகைக்கு மாற்றிவிட்டு, முதல் படியின் கட்டளையை மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: இதையெல்லாம் செய்த பிறகும் ஹைபிரிட் ஸ்லீப் வரவில்லை என்றும், ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை இயக்கும் அடுக்கு) இந்த நிலையை ஆதரிக்கவில்லை என்று செய்தி வருவதாகவும் வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். விண்டோஸ் 11-இல் கோர் ஐசொலேஷன் பகுதியில் உள்ள மெமரி இன்டக்ரிட்டி இயக்கத்தில் இருந்தாலோ, லினக்ஸுக்கான துணை அமைப்பின் இரண்டாம் பதிப்பை நிறுவியிருந்தாலோ இப்படி வரும். ஸ்லீப்புக்காகப் பாதுகாப்பு வசதியை அணைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய கணினிகளில் ஸ்லீப்புக்குப் பதிலாக ஹைபர்னேட்டையே பயன்படுத்துங்கள்; எஸ்எஸ்டி இருந்தால் எழுந்து வரக் கூடுதலாக ஆகும் நேரம் ஒரு பொருட்டாகாது.

மூன்றாம் படி: நேரங்களும் பொத்தான்களும்

செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று சென்று திரைக்கு 5 நிமிடமும் ஸ்லீப்புக்கு 20 நிமிடமும் வையுங்கள். ஸ்கிரீன்சேவர் வேண்டாம், எல்சிடி திரையில் அது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதில்லை. பவர் பிளானில் பேலன்ஸ்டு போதும். பெரிய கோப்பு ஒன்றைத் தரவிறக்க வேண்டும் என்பதற்காக ஸ்லீப்பை நெவர் என்று மாற்றினால், அதைத் திரும்ப மாற்ற மறந்துபோகும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள அவேக் என்ற கருவி, குறிப்பிட்ட நேரம் வரை மட்டும் கணினியை விழித்திருக்கச் செய்யும். மவுஸை அசைப்பதுபோல் பாவனை செய்யும் சிறு மென்பொருள்களைவிட இது எல்லா வகையிலும் மேல்.

அடுத்து கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பக்கத்தைத் திறங்கள். கீழே உள்ள தேர்வுப் பெட்டிகள் மங்கலாகத் தெரியும். மேலே சிறிய எழுத்தில் இருக்கும் இணைப்பைச் சொடுக்கினால்தான் அவை உயிர்பெறும். ஹைபர்னேட்டைத் தேர்வு செய்து, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 8-இல் அறிமுகமான இந்த வசதி, ஷட் டவுன் கொடுத்தாலும் இயக்குதளத்தின் மையப்பகுதியை முழுமையாக நிறுத்தாமல் ஹைபர்னேட் செய்து வைக்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தின் கீழே உள்ள அப்டைமைப் பாருங்கள். நேற்றிரவு ஷட் டவுன் செய்த கணினியில் அது பல நாள்களைக் காட்டினால், காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான். டிரைவர் கோளாறுகள் ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் சரியாவதற்கும் இதுவே காரணமாக இருப்பதுண்டு.

அதே பவர் ஆப்ஷன்ஸில் பிளானின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்து, ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் அலோ ஹைபிரிட் ஸ்லீப்பை ஆன் செய்யுங்கள். குறித்த நேரத்தில் கணினியைத் தானாக எழுப்பும் அலோ வேக் டைமர்ஸை டிஸேபிள் செய்யுங்கள்.

நான்காம் படி: தூங்காத கணினியும் தானாக விழிக்கும் கணினியும்

தூங்க மறுத்தால் பவர்சிஎஃப்ஜி சாய்கோடு ரிக்வெஸ்ட்ஸ் என்று கேளுங்கள். எந்த மென்பொருள் தடுக்கிறது என்று அது பெயர் சொல்லிக் காட்டும். பிரவுசரில் எங்கோ ஒரு தாவலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒலியாகவே அது பெரும்பாலும் இருக்கும். தானாக விழித்தால் சாய்கோடு லாஸ்ட்வேக் என்று கேளுங்கள். நெட்வொர்க் அடாப்டரின் பெயர் வந்தால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினியை எழுப்பும் உரிமையை நீக்கிவிடுங்கள். மவுஸுக்கும் இதையே செய்வது நல்லது. மேசையைத் துடைக்கும் துணி பட்டாலே விழித்துக்கொள்ளும் கணினியால் பயனில்லை. எழுப்புவதற்கு விசைப்பலகை போதும்.

ஐந்தாம் படி: பயாஸ்

மின்சாரம் போய் வந்ததும் கணினி என்ன செய்ய வேண்டும் என்பதை விண்டோஸ் தீர்மானிப்பதில்லை. விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் அடிப்படை நிரலான பயாஸில், ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ் என்பது போன்ற பெயரில் அது இருக்கும். பவர் ஆஃப் என்று வையுங்கள். மின்சாரம் ஐந்து நிமிடத்தில் மூன்று முறை வந்து வந்து போகும் மழை இரவில் கணினி ஒவ்வொரு முறையும் தானாகக் கிளம்புவது வன்வட்டுக்கு நல்லதன்று.

ஆறாம் படி: சோதனை

நோட்பேடில் எதையாவது எழுதிச் சோதிக்காதீர்கள். விண்டோஸ் 11 நோட்பேட் சேமிக்காத எழுத்துகளையும் தானே நினைவில் வைத்துக்கொள்வதால் சோதனை ஏமாற்றிவிடும். பெயின்ட்டில் ஒரு கோடு வரைந்து, சேமிக்காமல், ஸ்லீப் கொடுங்கள். விசிறி நின்று, பவர் விளக்கு மினுக்கத் தொடங்கும்வரை அல்லது நிறம் மாறும்வரை பொறுத்திருங்கள். கோப்பு எழுதி முடியும் முன் மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் வீணாகும். பிறகு சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, பவர் பொத்தானை அழுத்துங்கள். உற்பத்தியாளரின் சின்னத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் பெயின்ட்டில் அந்தக் கோடு அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹைபிரிட் ஸ்லீப் இன்னும் இயக்கத்திற்கு வரவில்லை. முதல் படியின் கட்டளையை மீண்டும் ஓட்டி, கீழ்ப் பட்டியலில் அது சொல்லும் காரணத்தைப் படியுங்கள்.