ஐஎஸ்ஓ 45001 சான்றிதழ்: ஒரு சிறு ஆலை எங்கிருந்து தொடங்க வேண்டும்

பணியிடப் பாதுகாப்பு மற்றும் உடல்நல மேலாண்மை முறைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 45001 ஆகும். 2018 மார்ச்சில் வெளியான இது, அதற்கு முன் வழக்கில் இருந்த ஓஎச்எஸ்ஏஎஸ் 18001-இன் இடத்தைப் பிடித்தது. கோயம்புத்தூர்ப் பகுதியில் பம்பு மோட்டாருக்கு ஸ்டாம்பிங் (தகட்டை அழுத்தி வெட்டிய பாகம்) அடித்துக் கொடுக்கும், ஐம்பது அறுபது பேர் வேலைபார்க்கும் ஓர் ஆலையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பொருள் வாங்கும் நிறுவனம் கேட்பதால்தான் இத்தகைய ஆலைகளில் சான்றிதழ்ப் பேச்சே பெரும்பாலும் எழுகிறது. உடனே எங்கிருந்தோ ஒரு கோப்புத் தொகுதியை விலைக்கு வாங்கி, ஆலையின் பெயரை மட்டும் மாற்றி அடுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதல் வாரம் முழுவதும் காகிதத்தைத் தொடாமல் பிரஸ் வரிசையில் நில்லுங்கள்.

அங்கே என்ன பார்ப்பது? ஒரு பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் அது அடிக்க வேண்டும்; கை டைக்குள், அதாவது தகட்டை வெட்டும் அச்சுக்குள், போகாமலிருக்கவே அந்த ஏற்பாடு. அருகில் குனிந்து பார்த்தால், இடப்பக்கப் பொத்தானின் விளிம்பில் ஒரு மரச்சிம்பு செருகப்பட்டு, அதன் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருக்கும். ஒரு கை பொத்தானில், மறு கை டைக்குள். அந்தத் தொழிலாளியைத் திட்டுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். பீஸ் கணக்கில் கூலி என்றால், ஒவ்வோர் அடிக்கும் மிச்சமாகும் அந்த ஓரிரு நொடிதான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் பணம். இந்த உரையாடலைத்தான் தரநிலையின் 5.4 ஆம் பிரிவு, தொழிலாளரைக் கலந்தாலோசித்தல், பங்கேற்கச் செய்தல் என்று கேட்கிறது. அபாயங்களைக் கண்டறியச் சொல்லும் 6.1.2 ஆம் பிரிவும், வேலை எப்படி ஒழுங்குசெய்யப்பட்டிருக்கிறது, வேலைப்பளு எவ்வளவு, வேலைநேரம் எத்தனை என்பவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. ஆகவே உங்கள் அபாயப் பதிவேட்டில் ‘பிரஸ் – விரல் நசுங்குதல் – கையுறை அணியவும்’ என்ற ஒற்றை வரி போதாது. சிம்பும் பீஸ் கூலியும் அதில் இடம்பெற வேண்டும்.

கையுறை ஏன் கடைசி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 8.1.2 ஆம் பிரிவு ஒரு படிவரிசையை விதிக்கிறது: அபாயத்தையே நீக்குவது, அபாயம் குறைந்த வேறொன்றை வைப்பது, பொறியியல் தடுப்பு, பயிற்சி போன்ற நிர்வாக ஏற்பாடு, எல்லாவற்றுக்கும் பின்பே தற்காப்பு உபகரணம். நம் பிரஸ்ஸில், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரு பொத்தான்களையும் விட்டு மறுபடி ஒன்றாக அழுத்தினாலன்றி இயங்காத மின்சுற்றைப் பொருத்தினால் சிம்புக்கு வேலையில்லை. கை குறுக்கிட்டால் பொறியை நிறுத்தும் ஒளித்திரையான லைட் கர்ட்டன் வாங்கும் முன், மோட்டாரின் விசையைப் பிரஸ்ஸுக்கு இணைக்கும் கிளட்ச்சைப் பாருங்கள்: இறங்கத் தொடங்கினால் நடுவில் நிற்காத பழைய பின் கிளட்ச் பிரஸ்ஸுக்கு அது பயன்படாது, டையைச் சுற்றி விரல் நுழையாத கூண்டு போடுவதே வழி. கூடவே கூலிக் கணக்கை மாற்றுவது பற்றியும் முதலாளி முடிவெடுக்க வேண்டும். மேல்மட்டத்தின் பொறுப்பு என்று தரநிலை சொல்வது இத்தகைய முடிவுகளைத்தான். சுவரில் மாட்டிய கொள்கை அறிக்கை அதற்கு ஈடாகாது.

அடுத்து, உங்களுக்குப் பொருந்தும் சட்டக் கடமைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் சான்றை இணையுங்கள். எடுத்துக்காட்டாக, தூக்கும் பொறிகளைத் தகுதிபெற்ற நபர் 12 மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்தே வரும் கடமை. அவசரகால ஒத்திகை, பயிற்சிப் பதிவு, விபத்து விசாரணை ஆகியவற்றைச் சில மாதங்கள் உண்மையாக நடத்திய பின், உள் தணிக்கையையும் நிர்வாக மறுஆய்வையும் ஒரு சுற்று முடித்துவிடுங்கள்.

சான்றிதழை ஐஎஸ்ஓ அமைப்பு தருவதில்லை. தனி சான்றளிப்பு நிறுவனங்களே தருகின்றன. அந்த நிறுவனத்துக்கு இந்தியாவின் என்ஏபிசிபி (சான்றளிப்பு நிறுவனங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) போன்ற அமைப்பின் அங்கீகாரம், குறிப்பாக 45001-க்கு, இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்பந்தம் போடுங்கள். ஆலோசனையும் தருகிறோம், சான்றிதழும் தருகிறோம் என்று ஒரே நிறுவனம் சொன்னால் விலகிவிடுங்கள். அது விதிக்கு முரணானது. தணிக்கை இரு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் ஆவணங்களும் ஆயத்தநிலையும், இரண்டாவதில் ஆலையில் நடைமுறையும் பார்க்கப்படும். தணிக்கையாளர் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும் பேசுவார். அவர்களுக்கு விடை சொல்லிக்கொடுக்காதீர்கள். பெரிய குறைபாடு எழுதப்பட்டால், இரண்டாம் கட்டத்தின் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதன் திருத்தம் சரிபார்க்கப்பட வேண்டும். தவறினால் அந்தக் கட்டத்தையே மறுபடி நடத்த வேண்டிவரும். காரணத்தைத் தேடும்போது ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிடாமல், சிம்பு செருகும்படி அவரை நெருக்கியது எது என்பதுவரை செல்லுங்கள்.

சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை வரும், முதலாவது 12 மாதத்துக்குள். அந்த ஓராண்டில் புதிதாக வந்த பிரஸ், மாறிய டை, வடமாநிலத்திலிருந்து சேர்ந்த இளைஞர்கள் ஒவ்வொன்றுக்கும் அபாயப் பதிவேட்டை மறுபடி திறங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கு எச்சரிக்கைப் பலகையை இந்தியிலோ ஒடியாவிலோ எழுதி வையுங்கள்.