கல்லூரியில் இல்லாத ஆய்வுக் கட்டுரையைக் காசு கட்டாமல் பெறுவது எப்படி?

அரசுக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். பதிப்பக இணையப் பக்கம் ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கிறது என்று ஆய்வு மாணவர்கள் அடிக்கடி வந்து நிற்கிறார்கள். உதவித்தொகையை நம்பிப் படிக்கிற பிள்ளைகள் அதைக் கட்டவே கூடாது. பெரும்பாலும் அந்தக் கட்டுரைக்கு உங்களுக்கும் சேர்த்து ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்கள் 6,300க்கு மேல் இதன் வரம்பில் வருகின்றன. தனியாகப் போய் நின்றால் எங்களைப் போன்ற கல்லூரியிடம் எந்தப் பதிப்பகமும் விலை பேசாது. ஒரே ஒரு இதழ்த் தொகுப்பு எங்கள் ஆண்டு நிதி முழுவதையும் விழுங்கிவிடும். நாடே ஒன்றாகப் பேசியதால்தான் ஐஐடி மாணவர் படிக்கும் இதழை எங்கள் மாணவியும் படிக்கிறாள்.

முதலில் இந்தத் திட்டத்துக்கு உங்கள் நூலகரிடம் கணக்கு தொடங்கித் தரச் சொல்லுங்கள். கல்லூரி இணைப்பில் இதழ்கள் நேரடியாகத் திறக்கும். வீட்டில் இருக்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். கட்டுரைப் பக்கத்தில் விலைக்கு அருகே, நிறுவனம் வழியாக நுழைவதற்கு ஓர் இணைப்பு சின்ன எழுத்தில் இருக்கும். அதை அழுத்தி, கல்லூரிப் பயனர்களின் உள்நுழைவைச் சரிபார்க்கும் இன்ஃபெட் (INFED) என்ற கூட்டமைப்பைத் தேர்ந்து, கல்லூரிப் பெயரைத் தேடுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் ஊர்ப் பெயரை மட்டும் தட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கலாம். பிறகு நூலகர் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால் போதும்.

அரசு உதவி பெறும் கல்லூரி என்றால், காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையம்) கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் (N-LIST) திட்டத்தில் உங்கள் கல்லூரி உறுப்பினரா என்று கேளுங்கள். மின்னிதழ்களோடு லட்சக்கணக்கான மின்நூல்களும் அதில் உண்டு. நூலகர் உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் பதிவு செய்ததும் உள்நுழைவு விவரம் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஓர் ஆய்விதழின் எல்லா வெளியீடுகளையும் ஒரே மூச்சில் பதிவிறக்காதீர்கள். பதிப்பகத்தின் கணினி அதை உடனே கண்டுபிடித்துவிடும். ஒருவர் செய்ததற்குக் கல்லூரி முழுவதற்கும் வழி அடைபடும். அதே காரணத்துக்காகத்தான் கடவுச்சொல்லையும் நண்பருக்குத் தரக்கூடாது.

அச்சு நூல் வேண்டுமா? 1988இல் தில்லியில் தொடங்கிய டெல்நெட் (DELNET) என்ற நூலக வலையமைப்பில் கல்லூரி உறுப்பினராக இருந்தால், வேறொரு நூலகத்தின் பிரதியை இரவலாக வரவழைக்கலாம். ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு எல்லாம் முழுமையாக எழுதிக் கொடுங்கள். பாதி விவரத்தோடு வரும் கோரிக்கைதான் கிடப்பில் கிடக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா (Shodhganga) என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. அது எல்லோருக்கும் இலவசம்.

உங்கள் கல்லூரி இவற்றில் எதிலுமே இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள். கிடைக்காமல் போன கட்டுரைகளைப் பட்டியலிட்டு, துறைத் தலைவரின் கையொப்பத்துடன் முதல்வருக்கு மனுக் கொடுங்கள். நகலை நூலகரிடமும் கொடுங்கள். நிதிக் குழுக் கூட்டத்தில் எடுத்து வைக்க அவருக்கு அது மிகவும் உதவும்.