ஐபிஎஃப்எஸ்-ல் போட்ட கோப்பு இருக்கிறதா? பார்க்கும்போது ஏமாறும் இடங்கள்

ஐபிஎஃப்எஸ் என்பது நடுவில் ஒரே சர்வர் இல்லாமல், பல கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் நெட்வொர்க். அதில் ஒரு கோப்பைச் சேர்த்தேன், லிங்க்கைத் தட்டினேன், திறந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் நண்பரிடமிருந்து செய்தி: “சுத்திக்கிட்டே இருக்குப்பா.” உலகத்திலேயே அந்தக் கோப்பு இருந்த ஒரே இடம் என் லேப்டாப். அதுவோ தூங்கிக்கொண்டிருந்தது.

சேர்த்தாலே நெட்வொர்க் முழுக்கப் பிரதி பரவிவிடும் என்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். ஐபிஎஃப்எஸ் தானாக யாருக்கும் பிரதி அனுப்பாது. “இந்த சிஐடி (கோப்பின் முகவரி) என்னிடம் இருக்கிறது” என்று டிஹெச்டி-யில், அதாவது யாரிடம் எது இருக்கிறது என்று கணினிகள் பகிர்ந்து வைத்திருக்கும் பட்டியலில், ஒரு பதிவு போடும், அவ்வளவுதான்.

அந்தப் பதிவை நம்புவது அடுத்த தவறு. அதைத் தேடும் ஃபைண்ட்ப்ராவ்ஸ் (findprovs) கட்டளை கொடுத்தால், வைத்திருக்கும் கணினியின் அடையாளமான பியர் ஐடி வந்து விழும், மனசு குளிரும். ஆனால் பதிவின் ஆயுள் 48 மணி நேரம். நேற்று அணைத்த மெஷினின் பெயரும் இன்று வரும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும், ரௌட்டருக்குப் பின்னால் இருந்தால் வெளியாள் தொட முடியாமல் போகலாம். வாசலில் பெயர்ப்பலகை தொங்கும், கதவு பூட்டியிருக்கும்.

பொது கேட்வேயில் (ஐபிஎஃப்எஸ் கோப்பைச் சாதாரண பிரவுசரில் காட்டும் இணையதளம்) திறந்து பார்ப்பதும் சாட்சி ஆகாது; அது முன்பே சேமித்து வைத்த தன் கேஷிலிருந்து (cache) எடுத்துக் கொடுத்திருக்கலாம். சொந்த நோடில் (ஐபிஎஃப்எஸ் ஓடும் உங்கள் கணினியில்) பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிலர் உஷாராக வீட்டிலேயே இன்னொரு கணினியில் சோதிப்பார்கள். ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு நோடுகளும் எம்டிஎன்எஸ் என்ற உள்ளூர்த் தேடல் வழியாக ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். அப்போது நீங்கள் சோதித்தது வெளியுலகத்தை இல்லை, உங்கள் ஹாலைத்தான்.

பெரிய கோப்பில் இன்னொரு பொறி. வழக்கமாக 256 கிலோபைட் துண்டுகளாக வெட்டித்தான் வைப்பார்கள். 100 எம்பி என்றால் சுமார் 400 துண்டுகள். சிஐடி சுட்டும் வேர்த் துண்டில் மற்ற துண்டுகளின் முகவரிகள்தான் இருக்கும். வேர் வந்துவிட்டது என்பதால் முந்நூறாவது துண்டும் எங்கோ இருக்கிறது என்று அர்த்தமில்லை. வீடியோ பாதியில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

உங்களுக்காகக் கோப்பின் பிரதியை வைத்திருக்கும் பின் (pin) சேவையில் ‘க்யூட்’ (queued) என்று வந்தால் வரிசையில் நிற்கிறது என்றுதான் பொருள். ‘பின்டு’ (pinned) வரும்வரை லேப்டாப்பை அணைக்காதீர்கள்.

‘பின்டு’ வந்த பிறகு நான் செய்வது இது: என் நோடை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் இணைத்த வேறொரு லேப்டாப்பில் காலி நோடு ஒன்றைப் புதிதாகக் கிளப்பி, கடைசி பைட் வரை இறக்குவேன். டேட்டா செலவாகும்தான். செலவானால் ஆகட்டும்.