தியானத்துக்குச் சொந்தக் காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உட்காரத் தெரியாமல் தியானத்தை விட்டவர்கள் குறைவு. முதுகை நிமிர்த்தி மூச்சைக் கவனிக்க அரை மணி நேரத்தில் பழகிவிடலாம். இரண்டாவது வாரம் அலாரம் அடிக்கும்போது "இன்றைக்கு எதற்கு?" என்று மனம் கேட்கும், அதற்குப் பதில் இல்லாதவர்கள்தான் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். அந்தப் பதிலைத் தேடுகிற இடத்தில் குமரி மாவட்டத்தில் வழக்கமாக நடக்கும் பிசகுகளைப் பார்ப்போம்.

முதல் பிசகு, "மன அமைதி வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்வது. யாருக்குத்தான் வேண்டாம்? எல்லோருக்கும் பொருந்தும் காரணம் அதிகாலை ஐந்து மணிக்கு ஒருவரையும் எழுப்பாது. ஒரு நோட்டை எடுத்து, போன வாரம் மனம் கைவிட்டுப்போன மூன்று நேரங்களை எழுதுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, யார் முன்னால். மார்த்தாண்டம் நெரிசலில் சிக்கி வீடு திரும்பியதும் பிள்ளைமேல் எரிந்து விழுந்தது. திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்து, படுத்த பிறகும் ஆபீஸ் கணக்கு மண்டைக்குள் ஓடியது. வளைகுடாவில் இருக்கும் மகன் போனை எடுக்காத ஒரு மணி நேரம் நெஞ்சு படபடத்தது. இவற்றில் அடிக்கடி வருவதை மட்டும் எடுத்து ஒரே வாக்கியமாக்குங்கள்: "சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடம் குரலை உயர்த்தாமல் இருப்பதற்காக உட்காருகிறேன்." பலித்ததா இல்லையா என்று அன்றைக்கே தெரிய வேண்டும். யாரிடமும் சொல்லாமல் செய்தாலும் அந்தக் காரணம் நிற்க வேண்டும். இரண்டிலும் தேறாத வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இரவல் காரணம் அடுத்தது. "கண்ண மூடி இரி மக்களே, எல்லாம் செரியாவும்" என்று பாட்டி சொன்னதற்காக உட்காரும் பேரனும், தோழி பதினைந்து நாள் முகாமுக்குப் போய் வந்ததைப் பார்த்து உட்காருபவரும் ஒரே நிலைதான். சொன்னவருக்கு அது பலித்திருக்கலாம். உங்கள் நோட்டில் எழுதியதோடு அது ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

இடத்தைக் காரணமாக்குவதும் இங்கே அதிகம். கடல் நடுவே விவேகானந்தர் பாறை, பொற்றையடிக்கு அருகே மருந்துவாழ் மலை, அய்யா வைகுண்டர் தவம் இருந்த சாமிதோப்பு என்று நம் மாவட்டத்தில் இடங்களுக்குப் பஞ்சமில்லை. படகு வரிசையில் நின்று போய், தியான மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் இருந்தால் மனம் தானாக அடங்குகிறது. வீட்டில் மிக்சி சத்தத்துக்கு நடுவே அது வராதபோது "எனக்கு இது சரிப்படாது" என்று தோன்றிவிடுகிறது. விவேகானந்தர் 1892 டிசம்பர் இறுதியில் அந்தப் பாறைக்குச் சும்மா போகவில்லை. நாடு முழுக்கச் சுற்றி, வழியெல்லாம் பார்த்த வறுமையை மனதில் சுமந்து வந்தவர். அங்கே உட்கார்ந்திருந்தபோது மக்களுக்குச் செய்ய வேண்டியது பற்றி ஒரு திட்டம் தோன்றியதாக 1894இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கேள்வி அவரிடம் முன்பே இருந்தது. பாறை உட்கார இடம் கொடுத்தது.

வேலை நேரத்தோடு மோதும் காரணம் எவ்வளவு நல்லதானாலும் தோற்கும். பிரம்ம முகூர்த்தம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர் நாலு மணிக்குத் தியானத்தில் உட்கார முடியுமா? விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பாலும் நன்றாக ஓடும். அந்த நேரம் மரத்துக்கானது. வெட்டி முடித்தபின், சிரட்டையில் பால் சொட்டி நிற்கும்வரை கிடைக்கும் இடைவெளிதான் அவருக்குத் தோதானது. கொசு விடாது என்பது உண்மை. முழுக்கைச் சட்டையும் தலையில் ஒரு துண்டும் போதும். விசைப்படகில் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். மேற்குக் கடல் மீன்பிடித் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழகினால் ஆகஸ்டில் அது அப்படியே அறுந்துபோகும். கடலுக்குப் போகும் நாளிலும் முடிகிற அளவை, பத்து நிமிடத்தை, தடைக்காலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு செய்யும் குறும்பை ஆர்வக்குறைவு என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முடித்த கையோடு கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும். சாப்பாட்டுக்கும் உட்காருவதற்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். முட்டி வலித்தால் நாற்காலி போதும். பாதம் தரையில் பதியட்டும். வெளிமூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். எண்ணம் ஓடி எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து மறுபடி. இருபது தடவை தவறினாலும் அந்த நாள் வீணில்லை, தவறியதைக் கண்டுபிடித்துத் திரும்புவதுதான் பயிற்சி. பலனை அங்கேயே தேடாமல், நோட்டில் எழுதிய அந்தச் சாயங்காலப் பத்து நிமிடத்தில் பாருங்கள்.

"இது நம்ம மதத்துக்காரங்களுக்கு இல்ல" என்ற தயக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குவதும் பிசகுதான். தியானத்தில் மனதுக்குள் பிடித்துக்கொள்ளும் சொல் உங்கள் பக்தியோடு பொருந்தாவிட்டால் காரணத்தையும் அரித்துவிடும். கிறிஸ்தவ ஆலயத்துக்குப் போகிறவர் பைபிளின் சங்கீதத்தில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளலாம். சூஃபி ஞானி பீர் முகமது அப்பாவின் ஞானப்பாடல்கள் பிறந்த தக்கலைக்காரருக்கு, இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ரு தெரிந்ததுதான். எதுவும் வேண்டாதவருக்கு மூச்சு எண்ணிக்கை இருக்கிறது.

"பிரஷர் மாத்திரையை நிறுத்தத்தான் உட்காருகிறேன்" என்பது ஆபத்தான காரணம். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். சர்க்கரைக்கும் மனநோய் மருந்துக்கும் இதே பேச்சுதான். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் இன்னும் கவனம் தேவை. 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் பார்த்த கரை இது. துக்கத்தை மறக்க என்று கண்ணை மூடியதும் அதே காட்சி திரும்பி வந்து மூச்சு முட்டினால், அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள். காலடி தரையில் படுவதைக் கவனிப்பதும் தியானம்தான். அடுத்த முறையும் அப்படியே வந்தால் தனியாக உட்காருவதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, காலாவதியான காரணத்தை மாற்றாமல் விடுவது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்காக உட்கார்ந்தவருக்குத் தேர்வு முடிந்ததும் ஆர்வம் வற்றுவது இயல்பு. அதற்குக் குற்ற உணர்வு வேண்டாம். மாதம் ஒருமுறை நோட்டைத் திறந்து வாக்கியத்தைப் படியுங்கள். இன்னும் பொருந்தினால் தேதி போட்டு விடுங்கள், பொருந்தாவிட்டால் அதன் கீழே புதிதாக ஒன்று எழுதுங்கள். எழுத எதுவுமே தோன்றவில்லை என்றால் ஒரு வாரம் விட்டுவிட்டு, மனம் கைவிட்டுப்போன மூன்று நேரங்களை மறுபடி குறியுங்கள்.