பினாங்குக் கடலோரத்தில் வலசைக் காலம்: நடந்து காண்போருக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆயினும் வடக்கே குளிர் இறங்கத் தொடங்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை நம் கடலோரம் கண்கூடாக மாறுகிறது. சைபீரியா போன்ற வடபுலங்களில் குஞ்சு பொரித்த கரைப்பறவைகள், கிழக்காசிய-ஆஸ்திரேலிய வலசைப் பாதை வழியாகத் தெற்கே பறந்து வந்து நம் சேற்றுப்பரப்புகளில் இறங்குகின்றன. அவற்றைக் காண விரும்புவோர், செல்லும் நாளை முடிவு செய்வதற்கு முன்பே கடலின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரைப்பறவைகளுக்கு ஏற்ற இடம், தீவுக்கு எதிரே பட்டர்வொர்த்துக்கு வடக்கில் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் சேற்றுக்கரையாகும். நீர் முழுதும் வற்றிய வேளையில் சென்றால் பறவைகள் வெகுதூரத்தில் புள்ளிகளாகவே தெரியும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்று ஓரிடத்தில் அசையாமல் நின்றால், ஏறிவரும் நீரே அவற்றை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். இறகின் நிறத்தைக் கொண்டு இனம் காண முயல வேண்டாம். இந்த மாதங்களில் பெரும்பாலானவை சாம்பலும் பழுப்புமாகவே இருக்கும். அலகு, கால், நடை ஆகிய மூன்றையும் பாருங்கள். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுடன் பெரிதாக நிற்பது கோட்டான் (curlew) என்னும் கரைப்பறவை வகை; ஆந்தையைக் குறிக்கும் கோட்டான் அன்று. சிவந்த கால்களும், எழும்போது சிறகின் பின்விளிம்பில் பளிச்சிடும் வெள்ளையும் செங்கால் உள்ளானைக் காட்டிக்கொடுக்கும். குட்டையான அலகுடன் சிறிது ஓடி, சட்டென நின்று, மீண்டும் ஓடுவது மணல் உப்புக்கொத்தி. பைனாகுலர் இல்லாதவர்கள்கூட, பாறையோரம் தனியே நின்று உடலின் பின்பாதியை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டும் சிறு உள்ளானை எளிதில் அறியலாம்.

பறவைக் கூட்டத்தை எழுப்பிப் படம் எடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து உடற்கொழுப்பைச் செலவழித்துவிட்ட உயிர்கள் அவை. சில இனங்கள் இன்னும் தெற்கே போக வேண்டும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அவை இரைதேடும் நேரமும் சேர்த்துவைத்த வலுவும் வீணாகின்றன.

செடிகொடிகளையும் சேர்த்துக் காண, ஜார்ஜ்டவுனிலிருந்து 101 எண் பேருந்தில் தெலுக் பாஹாங் சென்று, 2003இல் அமைக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவில் நடக்கலாம். நுழைவாயில் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதையும் கேட்டறிந்துகொள்ளுங்கள். தெலுக் டூயோங் செல்லும் பாதை கடலை ஒட்டியே போவதால் தொடக்கத்துக்கு அதுவே சிறந்தது. நெய்தல் நிலத்துக்குரியவை என்று பள்ளியில் படித்த புன்னையும் தாழையும் அடும்பும் நம் கடலோரங்களில் உயிரோடு நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு மிகவும் பிடிக்கும். ஆட்டின் குளம்பைப் போலப் பிளந்த இலையுடன் மணலில் படரும் அடும்பின் ஊதாப்பூ காலையில் விரிந்து பிற்பகலில் வாடிவிடும். ஆகவே நேரத்தோடு செல்லுங்கள். கெத்தாப்பாங் என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமையின் பெரிய இலைகள் உதிருமுன் செம்மையாகப் பழுக்கும். வடக்கின் குளிரோடு அதற்குத் தொடர்பில்லை, அம்மரத்தின் இயல்பே அது. தலைக்கு மேல் வெண்வயிற்றுக் கடற்கழுகு வட்டமிடுகிறதா என்றும், கிளைகளில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள லோத்தோங் குரங்கு இருக்கிறதா என்றும் அவ்வப்போது நிமிர்ந்து பாருங்கள்.

இதே பூங்காவில் பந்தாய் கெராச்சூட் கடற்கரைக்குச் செல்லும் பாதை குன்றேறி இறங்குவது; ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அங்குள்ள ஏரியில் மழைக்காலத்தில் மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் கலவாமல் அடுக்காக நிற்கும். பச்சை ஆமைகள் முட்டையிடும் கரை என்பதால் மணலைத் தோண்டக் கூடாது. குழிகளை மிதிக்கவும் கூடாது.

ஐப்பசி மழை இங்கும் கடுமையானது. பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் கொட்டும் என்பதால் காலையிலேயே புறப்படுங்கள். வழுக்காத காலணி அணியுங்கள். நீண்டவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பறிக்க வரும். உணவைப் பைக்குள் மூடிவையுங்கள். திரும்பும்போது படகில் வரலாம் என்று எண்ணுவோர், கடல் கொந்தளித்தால் படகு ஓடாது என்பதை மனத்தில் கொண்டு, நடந்தே திரும்புவதற்குப் போதிய நேரமும் குடிநீரும் வைத்துக்கொள்ள வேண்டும்.