படம் இல்லாத நடிகையின் கதையை எழுதுவது எப்படி

பினாங்கில் வாரம் ஒரு நாள் படிவம் 4 பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன தவணை ஒரு மாணவி, முதல் தமிழ்ப் பேசும்படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமியைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னாள். இரண்டே நாளில் திரும்பி வந்தாள். "டீச்சர், அவங்க நடிச்ச ஊமைப்படம் ஒன்னுகூட யூடியூப்ல கிடைக்கல. எதைப் பார்த்து எழுதுறது?"

படத்தைப் பார்க்காமலே எழுதலாம். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

எது உறுதியோ அங்கிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். 1931 அக்டோபர் 31, சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியான நாள். எச். எம். ரெட்டி இயக்கிய படம். நாயகி ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். அதற்கு முன்னால் 'கோவலன்', 'உஷா சுந்தரி' என்று ஊமைப்படங்கள். அதற்கும் முன்னால் நாடக மேடை. இன்னும் பின்னால் போனால், 1911இல் திருவையாற்றில் பிறந்து, குழந்தை மணம் முறிந்து, அப்பாவையும் இழந்து, அம்மாவோடு திருச்சிக்குப் போன ஒரு சிறுமி. 'காளிதாஸ்'தான் அவருடைய முதல் படம் என்று நானே பல வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். முதல் தமிழ்ப் பேசும்படம் என்பதும் அவருடைய முதல் படம் என்பதும் என் தலைக்குள் ஒன்றாகிப் போயிருந்தன. அந்தத் தப்பை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் இப்போது ஒரு மணிலா அட்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்: உறுதியானதைப் பேனாவில், கேள்விப்பட்டதைப் பென்சிலில்.

அடுத்தது பழைய நாளிதழ்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் போட்டிருப்பதை வீட்டிலிருந்தே படிக்கலாம். சிங்கப்பூரின் தமிழ் நாளிதழ் 'தமிழ் முரசு' 1935இல்தான் தொடங்கியது. ஊமைப்படக் காலத்துக்கு ஆங்கில நாளிதழ்களின் சினிமா விளம்பரங்களைத்தான் புரட்ட வேண்டும். நடிகையின் பெயரை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ராஜலட்சுமி, ராஜலக்ஷ்மி, இராஜலட்சுமி என்று தமிழிலேயே மூன்று விதம். ஆங்கிலத்தில் இன்னும் அதிகம். படத்தின் பெயரைத் தேடுங்கள், கொட்டகையின் பெயரைத் தேடுங்கள். கிடைத்ததும் தேதியையும் பக்க எண்ணையும் குறித்துவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திரும்பக் கிடைக்காது.

சில விளம்பரங்களில் படத்தின் நீளத்தை அடிக்கணக்கில் போட்டிருப்பார்கள். அதை விட்டுவிடாதீர்கள். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள், அதாவது 16 தனித்தனிப் படங்கள் (பிரேம்). ஊமைப்படம் சுமாராக நொடிக்கு 16 சட்டம் ஓடியது என்று வைத்துக்கொண்டால் ஓர் அடி ஒரு நொடி. 1,000 அடி ரீல் கிட்டத்தட்ட 17 நிமிடம். பேசும்படத்தில் நொடிக்கு 24 சட்டம் என்பதால் அதே ரீல் 11 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கை வைத்து அந்த மாணவியை நடிக்கவே சொன்னேன். "இருபது அடி தர்றேன்மா. கடிதம் வருது, படிக்கிற, அதுல அப்பா இறந்த செய்தி. சத்தம் கூடாது." இருபது நொடி. முதல் தடவை உதட்டை அசைத்து அசைத்து அழுதாள், ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டாம் தடவை கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். விரல் மட்டும் நடுங்கியது. வகுப்பே அமைதியாகிவிட்டது. மேடையில் பாடிப் பெயர் வாங்கிய ஒருத்தர், குரலே இல்லாமல் கேமரா முன்னால் நின்றது எப்படி இருந்திருக்கும் என்று அன்று ராத்திரியே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். நான் ஒரு வரிகூடத் திருத்தவில்லை.

1936இல் தன் நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக்கி, தானே இயக்கி, தானே நடித்தவர் ராஜலட்சுமி. அது அவள் அட்டையில் பேனாவில் இருக்கிறது. ஊமைப்பட வருஷங்கள் பெரும்பாலும் இன்னும் பென்சில்தான். போன வாரம் ஒரு வரியை ரப்பரால் அழித்துவிட்டு, நீல மையில் எழுதிக் காட்டினாள்.